இரண்டு மோட்டார் வண்டியும் ஒரு வெள்ளைச் சட்டையும்

எய்யா,

நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, பதில் அப்போதே என்னிடம் இருந்தது. ஆனால் நம் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். பக்கத்து நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்திருப்பார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சேர்ப்பார். கடைசியில் நீங்கள் இருவரும் கிரிக்கெட் பேசி போனை வைத்துவிடுவீர்கள், கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். அதனால்தான் அவர் மத்தியானம் தூங்குகிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கணக்கு டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றவள் எழுதுவது என்பதால் நீளமாகத்தான் இருக்கும். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதி வைக்கிற பிள்ளைகளுக்கு நான் முழு மார்க் போட்டதே இல்லை. நீ என் வகுப்பில் இருந்தபோது உனக்கும் போட்டதில்லை.

நீ கேட்டது இதுதான். நீ பெங்களூரில் இருந்துகொண்டு, ஆழ்வார்குறிச்சியில் இருக்கிற எங்கள் இருவருக்கும் ஒரு கரண்ட் கார் வாங்கித் தரப் போகிறாய். நம் பழைய பெட்ரோல் வண்டி கிழடு தட்டிவிட்டது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. உன் அப்பா வண்டி ஓட்டப் பழகவே இல்லை, ஓட்டப் போவது நான். ஒரே காரில் இரண்டு மாடல் இருக்கிறது. ஒன்று சாதாரணம், ஒரு மோட்டார். இன்னொன்றில் இரண்டு மோட்டார், மிதித்த மாத்திரத்தில் பறக்கும், விலையும் கூட. இரண்டிலும் ஒரே பேட்டரிதான். நீ வேகமானதைத்தான் வாங்குவேன் என்று நிற்கிறாய். "அம்மாவுக்கு எதுக்குடா அவ்வளவு வேகம்" என்று உன் கூட்டாளிகளே சிரித்தார்களாம். நான் சிரிக்கவில்லை. நீ எதற்காக அதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் சேர்த்தோமே, மறுநாள் காலையில் நீ பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாய். டாக்டர் நம் இருவரையும் நிறுத்தி வைத்து, "உயிருக்குப் பயமில்லை, ஆனா கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இதயத்துக்கு இவ்வளவு சேதம் ஆகியிருக்காது" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் போய்க் கேட்டபோது, "ரோடு மோசம்லே, நம்ம வண்டியும் இழுக்கல, அதான் நேரமாயிட்டு" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு உன் மனதில் போய் உட்கார்ந்ததுதான் இந்த இரண்டு மோட்டார். நீ வாங்க நினைப்பது கார் இல்லை, டாக்டர் சொன்ன அந்தக் "கொஞ்சம் முன்னாடி"யைத்தான். அது கடையில் கிடைக்குமானால் நானே முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

சரி, கணக்கை முறையாகச் செய்வோம். வேகமான மாடலை நான் பார்க்காமல் பேசவில்லை. உன் சங்கரன் மாமா, என் தம்பி, அதையே வாங்கிவிட்டான். அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருக்கிறவனுக்கு மில்லுக்கும் வீட்டுக்கும் போய்வர எதற்கு இரண்டு மோட்டார் என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும்க்கா, ஒண்ணு ஓடலன்னா இன்னொண்ணு ஓடும்லா" என்றான். அதெல்லாம் அப்படி வேலை செய்யுமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை. முதலில் அக்காதான் எடுக்க வேண்டும், அக்காவுக்குக் கைராசி என்று சாவியை என் கையில் கொடுத்தான். சாவி என்றால் சாவிகூட இல்லை, ஒரு அட்டை. பட்டர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சூடத்தட்டோடு ஓரமாக நின்றுகொண்டு, "பைய எடுங்கம்மா" என்றார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பெட்ரோல் வண்டியில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி விட்டு ஆக்சிலேட்டரைத் தாராளமாகவே மிதிக்க வேண்டும், உனக்குத் தெரியும். மிதிக்காவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். பூஜை போட்ட வண்டி கோயில் வாசலிலேயே அணைந்துபோனால் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பயத்தில், இத்தனை வருஷமும் கால் பழகினபடி மிதித்துவிட்டேன். இந்த வண்டியிலோ சத்தமே இல்லை. அது தயாராகத்தான் நிற்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மெதுவு, நடு, வேகம் என்று அதில் மூன்று ஓட்ட நிலை உண்டு; பெருமை காட்டுவதற்காக மாமா அதை ஆக வேகமானதில் வேறு வைத்திருக்கிறான். நாலு பழமும் ஒரே நொடியில் கூழாயிற்று. வண்டி பாய்ந்து, சிதறுகாய் உடைக்கிற கல்தொட்டியில் முட்டித்தான் நின்றது. முன் பக்கம் கீறல், நம்பர் பிளேட் மடங்கிவிட்டது. பட்டர் தட்டோடு படியேறிவிட்டார். ஆனால் சூடம் அணையவில்லை, அது அவருடைய சாமர்த்தியம்.

சங்கரன் ஓடிவந்து கதவைத் திறந்து, "யக்கா, பழம் நசுங்குனா போதும்க்கா, பட்டர் நசுங்க வேண்டாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், பட்டரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி புதிது, கால் பழையது, அதனால் ஆனது என்று அதை விட்டுவிடலாம். சாதாரண மாடலிலும் இப்படி நடந்திருக்கும், ஆனால் கல்தொட்டி வரைக்கும் போயிருக்காது. இதை வேகத்துக்கு எதிரான காரணமாக நான் எழுதவில்லை, குறித்து மட்டும் வைக்கிறேன்.

அடுத்த வாரம் அப்பாவுக்குச் செக்கப் இருந்தது. சங்கரன் விடவில்லை. "அத்தான புது வண்டியிலயே கூட்டிட்டுப் போவோம், நீயே ஓட்டு, பழகிக்கிடுவே" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டான். அப்பா பின்சீட்டில். நான் அதை நடு வேக நிலையில் வைத்து ஓட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஓட்ட சுகமாக இருந்தது. கியர் இல்லை, உறுமல் இல்லை. காலை எடுத்தாலே வண்டி வேகம் குறைந்துகொண்டு வருகிறது. சேரன்மாதேவி தாண்டியதும் ஒரு வைக்கோல் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. பிசான நெல் அறுப்பு முடிந்த நேரம், அப்படி நாலைந்து லாரி வரும். நம் பழைய வண்டியில் இந்த லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு, தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு, எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தபிறகும் மனசு பாதிதான் துணியும். இதில் மிதித்தேன், தாண்டிவிட்டேன். அவ்வளவுதான். வேகமான மாடலுக்கு மார்க் கொடுக்க வேண்டிய ஒரே இடம் இது. கொடுத்துவிட்டேன். ஆனால் சாதாரண மாடலையும் கடையில் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதுவும் லாரியைத் தாண்டிவிடுகிறது, எய்யா. நம் பழைய வண்டியோடு ஒப்பிட்டால் அதுவே ராக்கெட். நீ இரண்டு புதுசையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறாய். நான் இருபது வருஷத்துப் பழசோடு ஒப்பிடுகிறேன்.

லாரியைத் தாண்டினபோது கண்ணாடியில் பார்த்தேன். உன் அப்பா நெஞ்சில் கை வைத்திருந்தார். ஓரங்கட்டி, "என்ன செய்யுது, என்ன செய்யுது" என்று நான் கத்த, அவர் சாவகாசமாக, "ஒண்ணுமில்லட்டி, சீட்டுல சாஞ்சதுல பேனா குத்திட்டு" என்றார். அவரைக் குத்தியது பேனாதான், ஆனால் என் கை அதற்கப்புறம் வெகுநேரம் நிலைக்கு வரவில்லை. பின்சீட்டில் உட்கார்கிறவருக்கு வண்டி பாயப்போவது முன்கூட்டித் தெரியாது. வேகமான மாடலில் சக்கரமும் பெரிது, டயரும் மெலிது. வீரவநல்லூரிலிருந்து பத்தமடை வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையையும் அவர் முதுகில் எண்ணிக்கொண்டு வந்தார்.

அப்புறம் ரயில்வே கேட். மூடியிருந்தது. நாங்கள் போய் நின்று, ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு பின்னால் விட்டுவிட்டு வந்த டவுன் பஸ் ஆடி அசைந்து வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, புது வண்டியா? அவ்வளவு பறந்து போனியளே, எங்கூடத்தான் நிக்கியளா?" என்றார். சங்கரனா சளைப்பான், "நீரு வருவீருன்னுதான் வே நிப்பாட்டி வச்சிருக்கேன்" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேட் திறந்து, பஸ்ஸும் நாங்களும் முன்னும் பின்னுமாக மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவும் மாடும் பள்ளிக்கூட வேனும் எந்த வேகத்தில் விட்டனவோ அந்த வேகத்தில் போனோம். வேகமான வண்டி என்பதற்காக இந்த ரோட்டில் ஒருவரும் வழி விடப் போவதில்லை.

ஆகவே கணக்குப்படி, ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் சாதாரண மாடல்தான் கூடுதல் தூரம் போகும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்தி வைக்கிற ஊரில் அது பெரிய விஷயம். உட்கார்வதற்கு அதுதான் மெத்தென்று இருக்கிறது. விலையும் டயர் செலவும் குறைவு. வேகம் இந்த ரோட்டுக்குத் தேவையானதைவிட அதிலேயே அதிகம் இருக்கிறது. விடை சாதாரண மாடல். உன்னைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் இதோடு முடித்திருப்பேன். ஆனால் இதை மட்டும் சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அந்தக் கேட் திறந்திருந்தால், அந்த லாரி வராமல் இருந்தால் என்று கணக்குப் போடுவாய். நான் அம்மா, உன் கணக்கு எங்கே தப்பும் என்று எனக்குத் தெரியும். நீ எடுத்துக்கொண்ட எண்ணே தப்பு. நேரம் ரோட்டில் போகவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். வாயு என்றார். பெருங்காயத்தை மோரில் கலந்து கேட்டார், கொடுத்தேன். சோடா கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். வேர்த்துக் கொட்டினபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஒத்துக்கொண்டார். வண்டியை வெளியே எடுத்துவிட்டு உள்ளே வந்தால், மனிதர் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு பனியனோடு நிற்கிறார். சட்டைக்கு இஸ்திரி போடவில்லையாம். வங்கியில் மேனேஜராக இருந்த காலத்திலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை இல்லாமல் அவர் தெருவில் இறங்கினதில்லை, பால் வாங்கக்கூடப் போனதில்லை. அன்றைக்குப் பார்த்துப் பராமரிப்பு நாள், கரண்ட் இல்லை. "ஆஸ்பத்திரின்னா நாலு பேர் வருவான் போவான். கசங்குன சட்டையோடயா போயி நிப்பேன்? தெருமுக்குல இஸ்திரி வண்டி நிக்கி, குடுத்து வாங்கிட்டு வா. பைய போவோம், வாயுதான்" என்றார். யாரிடமும் வலி என்று சொல்லக் கூடாது, தெருவுக்குத் தெரியக் கூடாது என்று வேறு உத்தரவு.

நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போட்டு அவரைப் பனியனோடு இழுத்துப் போட்டிருக்க வேண்டும். வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்கினவளுக்கு ஒரு மனிதரை அடக்கத் தெரியவில்லை. இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். முன்னால் நாலைந்து துணி இருந்தது. அவசரம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். "அண்ணாச்சிக்கு மடிப்பு நேரா இருக்கணும்லாம்மா" என்று அவர் பொறுமையாக ஒவ்வொரு கையாகத் தேய்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் அம்பாசமுத்திரத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். நான் அந்தப் பழைய வண்டியை மிதித்த மிதிக்கு அது நன்றாகவே ஓடியது. அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் போய் இறங்கினதும் முதலில் அந்தச் சட்டையைத்தான் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள்.

உன்னிடம் இதை ஏன் சொல்லவில்லை என்றால், கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வைதான் காரணம். ரோடு மோசம் என்று அவர் உன்னிடம் சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய மானம் என் வாயில் இருந்தது, விழுங்கிவிட்டேன். அது உன் தலையில் போய் இறங்கும், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தூங்காமல் காரின் வேகத்தைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் போனதால் ஒன்றும் ஆகவில்லை. வண்டி மெதுவாகப் போனதாலும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் "கொஞ்சம் முன்னாடி" உன்னுடையது இல்லை, எய்யா. அதை இறக்கி வை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுபடி அப்படி ஒன்று வந்தால் நான் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். அதில் ஆக்சிஜன் இருக்கும், ஊசி போடத் தெரிந்த ஆள் இருக்கும், லாரிக்காரனும் ஒதுங்குவான். புருஷன் பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது, கை உதறிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் மிதித்தால் பாய்கிற வண்டியைக் கொடுக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்துக்கே கல்தொட்டியில் முட்டினவள் நான். கார் எங்களுக்குக் கோயிலுக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் செக்கப்புக்கும்தான். அதற்கு ஒரு மோட்டார் தாராளம்.

இவ்வளவு எழுதின நேரத்தில் உன் அப்பா எழுந்துவிட்டார். என்னட்டி எழுதுகிறாய் என்று கேட்டார். மறைக்கலாமா என்று யோசித்தேன், மறைத்து வைத்துத்தான் இவ்வளவு வந்தது என்று கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். சட்டையைப் பற்றி எழுதின இடத்தைத் திரும்பவும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். காகிதத்தை மேஜையில் வைத்து, "ஒண்ணையும் அடிக்காத. அப்படியே அனுப்பு" என்றார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

வெளியே வந்தால் ஆளைக் காணோம். வாசலுக்கு வந்து பார்த்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை, கசங்கினது கசங்கினபடியே மாட்டிக்கொண்டு, பால் பாத்திரத்தோடு தெருவில் போய்க்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத காட்சி. பால் கடையில், "என்ன அண்ணாச்சி, சட்ட இப்படிக் கெடக்கு, உடம்புக்குச் சரியில்லையா?" என்று பால்காரர் கேட்டது இங்கே வரைக்கும் காதில் விழுந்தது. "இல்ல வே, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, பழைய நடையைவிட வேகமாகவே திரும்பி வந்தார். வியர்த்திருந்தது. பதறிப்போய் என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலட்டி. கூச்சமா இருக்கு, அவ்வளவுதான். பழகிப் பாக்கேன். நாளைக்கும் போவேன்" என்றார்.

நீ சாதாரண மாடலையே புக் பண்ணு.

அம்மா